கேரட்டை நீட்டி நாக்கை ஏமாற்ற முடியாது

சென்ற இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ‘எடை குறைக்கிற வரைக்கும் சிப்ஸ் பாக்கெட்டை வீட்டுக்குள் விடாதீர்கள், வாய் கேட்டால் கேரட்டைக் கடியுங்கள்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி புலம்பல். ‘கேரட்டால் சிப்ஸ் ஆசை தீராது’ என்று திட்டியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க நொறுக்குத் தீனிக்கே. ஒரு சின்ன வேண்டுகோள்: பலர் ‘டாக்டர்’ என்று எழுதுகிறீர்கள். நான் டாக்டர் இல்லை, உணவியலாளர். மாத்திரையை மாற்றச் சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது, தட்டை மாற்றச் சொல்லலாம்.

கேள்வி: எனக்கு 41 வயது. நான்கு மாதத்தில் ஆறு கிலோ குறைத்திருக்கிறேன். மூன்று வேளைச் சாப்பாட்டில் எனக்குச் சிக்கல் இல்லை. சாயங்காலம் நாலு மணியானால் வாய் நமநமக்கிறது. உப்பாக, மொறுமொறுவென்று ஏதாவது வேண்டும். கேரட், வெள்ளரி எல்லாம் நறுக்கி டப்பாவில் கொண்டுபோகிறேன். டப்பாவைக் காலி செய்துவிட்டு, அப்புறம் சிப்ஸும் வாங்கித் தின்கிறேன். எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா?

பதில்: கேரட்டும் தின்று சிப்ஸும் தின்பவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. என்னிடம் வருபவர்களில் இந்தக் கதையைச் சொல்லாதவர்களை எண்ணிவிடலாம். உங்கள் மனக்கட்டுப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. என் யோசனையில்தான் குறை.

மொறுமொறுப்பில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று ஈர மொறுமொறுப்பு. கேரட், வெள்ளரி, முள்ளங்கி, ஆப்பிள் எல்லாம் இந்த வகை. இவற்றின் செல்களுக்குள் தண்ணீர் விறைப்பாக நிரம்பியிருக்கும். கடித்தால் செல் வெடித்துச் சாறு தெறிக்கும், ‘கடக்’ என்று சத்தம் வரும். வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர், கேரட்டில் 88. இன்னொன்று காய்ந்த மொறுமொறுப்பு. சிப்ஸ், பாப்கார்ன், நன்றாக வறுத்த ரொட்டி எல்லாம் அந்த வகை. அதில் தண்ணீருக்கு வேலையே இல்லை. மெல்லிய சுவர்களுக்கு நடுவே காற்று இருக்கும். கடித்தால் சுவர்கள் வரிசையாக நொறுங்கும். அதனால்தான் ஒரு ‘கடக்’குக்குப் பதிலாகப் பொலபொலவென்று நூறு சின்னச் சத்தம் கேட்கிறது.

சத்தம் என்று நான் சொல்வது அலங்காரத்துக்கு இல்லை. 2004இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாசிமிலியானோ ஸாம்பினி, சார்ல்ஸ் ஸ்பென்ஸ் என்ற இருவர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். ஆட்களை மைக்குக்கு முன்னால் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சிப்ஸைக் கடிக்கச் சொன்னார்கள். அவர்கள் கடிக்கும் சத்தத்தையே கொஞ்சம் கூட்டி அவர்கள் காதுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சத்தத்தைக் கூட்டியபோது, அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாக, இன்னும் புதிதாக இருக்கிறது என்றார்கள். 2008இல் இந்த ஆராய்ச்சிக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கவும் வைத்து யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்கென்றே தரும் பரிசு அது. ஆக, நாலு மணிக்கு உங்களுக்குள்ளிருந்து கேட்பது நாக்கு மட்டும் அல்ல, காதும் பல்லும்கூடத்தான். அவை காய்ந்த சத்தத்தைக் கேட்கின்றன, நீங்கள் ஈரச் சத்தத்தைக் கொடுக்கிறீர்கள். கணக்குத் தீரவில்லை, அதனால் கடைக்குப் போகிறீர்கள்.

எனவே காய்ந்ததற்குக் காய்ந்ததையே கொடுங்கள். என் முதல் சிபாரிசு பாப்கார்ன், வீட்டிலேயே பொரித்தது. சிப்ஸ் 100 கிராமில் ஏறக்குறைய 530 கலோரி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய். எண்ணெய் விடாமல் பொரித்த பாப்கார்ன் 100 கிராமில் 380 சொச்சம். ‘அவ்வளவுதானா வித்தியாசம்?’ என்று கேட்பீர்கள். எடையைப் பார்க்காதீர்கள், கிண்ணத்தைப் பாருங்கள். ஒரு கப் பாப்கார்ன் 8 கிராம்தான் இருக்கும், 30 கலோரி. மூன்று கப் தின்றால் 90, அதோடு மூன்று கிராமுக்கு மேல் நார்ச்சத்து. அதே 90 கலோரிக்குச் சிப்ஸ் என்றால் 17 கிராம். பத்துப் பன்னிரண்டு வில்லை. கை உள்ளே போய் வெளியே வருவதற்குள் தீர்ந்துவிடும்.

செய்முறை கேட்டுத் தனிக் கடிதம் போடாதீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடி கனமான, மூடியுள்ள பாத்திரம். இரண்டு டீஸ்பூன் எண்ணெய். அதில் மூன்று சோளமணிகளை மட்டும் போட்டு மூடி, மிதமான தீயில் வையுங்கள். மூன்றும் வெடித்ததும் மீதி மணிகளைப் போடுங்கள், இரண்டு பேருக்கு 40 கிராம் போதும். ஒவ்வொரு மணிக்குள்ளும் 14 சதவீதம் போல ஈரம் இருக்கிறது. அதன் தோல்தான் குக்கர். உள்ளே 180 டிகிரி வரும்போது ஆவி தாங்காமல் தோல் வெடிக்கிறது. பாத்திரத்தை அவ்வப்போது குலுக்குங்கள். மூடியை ஒரு ஓரத்தில் நூலளவு திறந்து வையுங்கள், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஆவி வெளியே போகாவிட்டால் பொரிந்தது அதே ஆவியில் நனைந்து சவசவத்துவிடும். வெடிச் சத்தத்துக்கு நடுவே இரண்டு விநாடி இடைவெளி விழ ஆரம்பித்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். மொத்தம் ஐந்து கப் வரும். எண்ணெயும் சேர்த்து 230 கலோரி, இரண்டு பேருக்கு.

உப்பைக் கல்லாகவோ சாதாரணத் தூளாகவோ போட்டால் எல்லாம் அடியில் போய் உட்காரும். மிக்ஸியில் மாவுபோல அரைத்து ஒரு சின்னப் புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை அத்தனை பொரியிலும் ஒட்டும். தியேட்டர் பாப்கார்னையும், வெண்ணெய் தடவி மைக்ரோவேவில் வைக்கத் தயாராக வரும் பாக்கெட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை பேரில்தான் பாப்கார்ன்.

அப்போ கேரட் வேண்டாமா என்றால், வேண்டும், சாப்பாட்டோடு. அல்லது உண்மையிலேயே பசிக்கும்போது. பசிக்குக் கேரட் நல்ல மருந்து, சிப்ஸ் ஆசைக்கு அது மருந்தே இல்லை.

கேள்வி: எண்ணெயில் பொரிக்காமல் ‘பேக்’ செய்த சிப்ஸ், பீட்ரூட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு கலந்த வெஜிடபிள் சிப்ஸ் இவை பரவாயில்லையா? பாக்கெட்டில் பச்சை இலை எல்லாம் போட்டிருக்கிறதே?

பதில்: இலை போட்டிருப்பது பாக்கெட்டில்தான், உள்ளே இல்லை. பீட்ரூட்டை மெல்லியதாகச் சீவி எண்ணெயில் போட்டாலும், உருளைக்கிழங்கு செய்வதைத்தான் அதுவும் செய்யும்: தண்ணீரை வெளியே விட்டு எண்ணெயை உள்ளே வாங்கும். பச்சை உருளைக்கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், 100 கிராமுக்கு 77 கலோரிதான். அதையே சிப்ஸாக்கினால் ஏழு மடங்கு. கிழங்கு பாவம், அது செய்த குற்றம் என்ன?

பேக் செய்ததில் எண்ணெய் குறைவு, உண்மைதான். ஆனாலும் 100 கிராமுக்கு 430ஐ ஒட்டித்தான் நிற்கும், மாவுச்சத்து அப்படியே இருப்பதால். ‘பேக் செய்ததுதானே’ என்று ஒன்றரைப் பங்கு தின்றால் சாதா சிப்ஸைவிட மோசம். பாக்கெட்டின் பின்பக்கத்தில் ‘100 கிராமுக்கு’ என்ற பத்தியைப் பாருங்கள். ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற பத்தி அவர்கள் வசதிக்குப் போட்டது.

எண்ணெய் உடம்பில் ஒட்டாத சிப்ஸும் ஒரு காலத்தில் வந்தது தெரியுமா? ஒலெஸ்ட்ரா என்ற செயற்கைக் கொழுப்பில் பொரித்தது. உடம்பு அதை உறிஞ்சாது, அதனால் அதிலிருந்து கலோரி சேராது. 1996இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உப்புத் தின்பண்டங்களுக்கு அதை அனுமதித்தது. கூடவே, வயிற்றுப் பிடிப்பும் பேதியும் வரலாம் என்று பாக்கெட்டிலேயே அச்சிட வைத்தது. 2003இல் அந்த எச்சரிக்கையை நீக்கிவிட்டார்கள், ஆனால் அதற்குள் ஜனங்களுக்கு ஆசை போய்விட்டது. உறிஞ்சாத எண்ணெய் எங்கேயாவது வெளியே வந்துதானே ஆக வேண்டும்!

கேள்வி: பாதாம் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம், நல்ல கொழுப்பு என்கிறார்களே?

பதில்: எவ்வளவு வேண்டுமானாலும் என்று எதையும் நான் சொல்ல மாட்டேன், தண்ணீரைக்கூட. பாதாமில் நான் பட்டதைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் சிப்ஸை விட்டே தீருவது என்று ஒரு பெரிய புட்டி நிறைய வறுத்த, உப்பிட்ட பாதாம் வாங்கி மேஜைமேல் வைத்துக்கொண்டேன். யாராவது வந்து உட்கார்ந்தால் ஒரு கை, அவர்கள் எழுந்து போனால் ஒரு கை. ஆறு வாரத்தில் இரண்டு கிலோ கூடிவிட்டது. எடை குறைக்க வழி கேட்டு வருபவர்களின் எதிரே உட்கார்ந்துகொண்டு!

பாதாம் 100 கிராமில் 580 கலோரி, சிப்ஸைவிட அதிகம். ஒரு பருப்பு ஏழு கலோரி. 23 பருப்பு ஏறக்குறைய 28 கிராம், 165 கலோரி. ஆனால் ஒரு விஷயத்தில் அதற்குச் சாதகமாகவும் பேச வேண்டும். பாதாமின் செல் சுவர் கெட்டி. எவ்வளவு மென்றாலும் கொஞ்சம் கொழுப்பு ஜீரணமாகாமலே வெளியேறிவிடுகிறது. முழுப் பருப்பிலிருந்து நம் உடம்புக்குச் சேருவது லேபிள் கணக்கைவிடக் கால் பங்கு வரை குறைவு என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். அரைத்து வெண்ணெயாக்கினால் அந்தச் சலுகை குறைந்துவிடும்.

எண்ணி எடுங்கள், புட்டியை மூடி உள்ளே வையுங்கள், பிறகு வந்து உட்கார்ந்து தின்னுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. நிலக்கடலைக்கும் இதே சட்டம்தான்.

கேள்வி: கொண்டைக்கடலையை ஓவனில் வறுத்தால் சிப்ஸ் மாதிரி மொறுமொறுவென்று வரும் என்று படித்து மூன்று தடவை செய்தேன். ஒரு தடவை உள்ளே மாவாக இருந்தது. ஒரு தடவை கல். மூன்றாவது தடவை சூடாக இருக்கும்போது அருமை, மறுநாள் காலையில் ரப்பர். எங்கே தப்பு?

பதில்: சமையலறையில் தோற்றதை இவ்வளவு துல்லியமாக எழுதுகிறவர் கட்டாயம் ஜெயிப்பார். மூன்று தடவையும் உங்களைத் தோற்கடித்தது ஈரம்தான்.

ஊறவைத்து வேகவைத்த கடலையை வடித்துத் துணியில் பரப்புங்கள். மேலே இன்னொரு துணியைப் போட்டு உள்ளங்கையால் மெல்ல உருட்டுங்கள். சில தோல்கள் கழன்று வரும், எடுத்துப் போட்டுவிடுங்கள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அப்படியே காற்றாட விடுங்கள். இந்த ஒரு மணி நேரத்தைத்தான் நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. பிறகு இரண்டு கப் கடலைக்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெய் மட்டும் விட்டுப் பிசறி, தட்டில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, 200 டிகிரியில் முப்பது முதல் நாற்பது நிமிடம். நடுவில் இரண்டு தடவை தட்டைக் குலுக்குங்கள். மசாலாத் தூளையும் உப்பையும் முதலிலேயே போடாதீர்கள். மிளகாய்த் தூள் அந்தச் சூட்டில் கருகிக் கசக்கும். வெளியே எடுத்ததும், சூட்டோடு தூவுங்கள்.

ரப்பரானதற்குக் காரணம், கடலையின் நடுவில் மிச்சமிருந்த ஈரம் ராத்திரி முழுக்க வெளிப்பக்கம் நகர்ந்ததுதான். ஓவனை அணைத்துவிட்டு, கதவை ஒரு கரண்டியை நடுவில் கொடுத்துக் கொஞ்சம் திறந்துவைத்து, கடலையை அரை மணி நேரம் உள்ளேயே விட்டுவிடுங்கள். முழுக்க ஆறிய பிறகுதான் டப்பா. வெதுவெதுப்பாக மூடினால் மூடியில் வேர்க்கும், அந்த வேர்வை கடலைக்குள் போகும். ஓவன் இல்லாதவர்கள் கனமான வாணலியில் சின்னத் தீயில் அரை மணி நேரம் நின்று கிளற வேண்டும். கை வலிக்கும், ஆனால் வரும்.

இதில் எனக்குப் பிடித்தது புரதம். வேகவைத்த கடலை 100 கிராமில் 164 கலோரி, ஒன்பது கிராம் புரதம், ஏழெட்டு கிராம் நார். பாப்கார்ன் வாயை அடக்கும், கடலை வயிற்றையும் அடக்கும். நாலு மணிக்கு உண்மையிலேயே பசிக்கிறவர்கள் பாப்கார்னை விட்டு இதைப் பிடியுங்கள்.

கேள்வி: ஏர் ஃபிரையர் வாங்கிவிட்டேன். இனி சிப்ஸ் எவ்வளவு செய்தாலும் கவலை இல்லைதானே?

பதில்: ஏர் ஃபிரையர் என்பது உள்ளே மின்விசிறி வைத்த சின்ன ஓவன். எண்ணெய் மிச்சம், அதில் சந்தேகம் இல்லை. வீட்டுக் கிழங்கை ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவி வைத்தால் நல்லதுதான். ஆனால் உறைந்த நிலையில் பாக்கெட்டில் வரும் உருளைக்கிழங்கு விரல்கள் (ஃபிரெஞ்ச் ஃபிரைஸ்) பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே எண்ணெயில் ஒருமுறை பொரித்து வருபவை. பாக்கெட்டைப் பாருங்கள்.

இன்னொன்று, கருக விடாதீர்கள். 120 டிகிரிக்கு மேல் மாவுப்பொருள் சிவக்கும்போது அக்ரிலமைட் என்ற, புற்றுநோயை உண்டாக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் பொருள் உருவாகிறது. உணவில் அது இருப்பதை 2002இல் ஸ்வீடனில் கண்டுபிடித்துச் சொன்னபோது உலகமே கொஞ்சம் ஆடிப்போனது. எண்ணெய்ச் சட்டி, ஓவன், ஏர் ஃபிரையர் என்ற பேதம் அதற்குக் கிடையாது. நறுக்கிய கிழங்கை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்துவிட்டு வையுங்கள், குறையும். பொன் மஞ்சளானதும் எடுத்துவிடுங்கள், பழுப்பாகும்வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: நேற்று ராத்திரி நண்பர்களோடு உட்கார்ந்து ஒரு பெரிய பாக்கெட் உப்புத் தீனி தின்றுவிட்டேன். இன்று காலையில் எடைக் கருவி 1 கிலோ 100 கிராம் கூடுதலாகக் காட்டுகிறது. இரண்டு வார உழைப்பு ஒரே ராத்திரியில் போயே போச்சா?

பதில்: போகவில்லை. ஒரு கிலோ கொழுப்புச் சேர ஏறக்குறைய 7,700 கலோரி உபரி வேண்டும். சிப்ஸ் கணக்கில் அது கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ, அதுவும் வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே. நீங்கள் அவ்வளவு தின்றிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கூடியது தண்ணீர். உப்பைச் சமாளிக்க உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவுச்சத்தைச் சேமிக்கும்போதும் ஒரு கிராமுக்கு மூன்று கிராம் போலத் தண்ணீர் கூடவே வந்து உட்காரும். இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அதுவரை கருவி மேல் ஏறாதீர்கள். பயத்தில் இன்று பட்டினி கிடக்காதீர்கள். பட்டினி கிடந்தால் நாளைக்கு ராத்திரி இன்னொரு பாக்கெட் காலியாகும்.

கேள்வி: எனக்கும் என் கணவருக்கும் எடை கூடுதல். அவருக்கு ரத்த அழுத்தமும் இருக்கிறது. உப்பில்லாமல் எதைக் கொடுத்தாலும் ‘இது என்ன, அட்டையா?’ என்கிறார். கடையில் பொட்டாசியம் கலந்த உப்பு விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: முதலில் அந்த உப்பு. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும், ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் உடம்பில் தேங்கி இதயத் துடிப்பையே குழப்பிவிடும். அவருடைய மாத்திரைச் சீட்டை அவருடைய டாக்டரிடம் காட்டிக் கேட்காமல் அந்தப் பாக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

உப்புக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு தட்டையான டீஸ்பூன். பாக்கெட்டில் ‘சோடியம்’ என்று போட்டிருந்தால் இரண்டரையால் பெருக்கினால் உப்பு. இதில் ஒரு வேடிக்கை. சாதா சிப்ஸ் 100 கிராமில் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை கிராம் உப்புதான் இருக்கும். கடை ரொட்டியிலும் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும், ஆனால் ரொட்டி நமக்கு உப்பாகத் தெரிவதில்லை. காரணம், சிப்ஸில் உப்பு மேலே ஒட்டியிருக்கிறது, நேராக நாக்கில் விழுகிறது. ரொட்டியில் மாவுக்குள் ஒளிந்திருக்கிறது.

இந்த வித்தையை நீங்களும் திருடிக்கொள்ளுங்கள். சமைக்கும்போது உப்பைக் குறைத்து, சாப்பிடும் முன் மேலே, பாப்கார்னுக்குச் சொன்னதுபோல மிக்ஸியில் மாவாக அரைத்த உப்பைச் சிட்டிகையளவு தூவுங்கள். கூடவே புளிப்பு. எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு, மிளகுத் தூள், வறுத்த பூண்டுத் தூள். புளிப்பும் காரமும் இருந்தால் உப்புக் குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. பாப்கார்ன்மேல் சாறு ஊற்றினால் நமத்துவிடும். அதற்கு எலுமிச்சைத் தோலைத் துருவிக் காயவைத்துப் பொடித்துப் போடுங்கள்.

அட்டை, அட்டை என்று இரண்டு மாதம் சொல்வார். நாக்கு பழக அவ்வளவு நாள் ஆகும். அதற்கப்புறம் பழைய சிப்ஸைக் கொடுத்துப் பாருங்கள், ‘என்ன இவ்வளவு உப்பு!’ என்பார். நீங்கள் அப்போது ஒன்றும் பேசாமல் இருப்பது நல்லது. ஊறுகாய் வெள்ளரியைக் கலோரி குறைவு என்று நினைத்துக் கொடுத்துவிடாதீர்கள். கலோரி குறைவுதான், உப்பு குளம்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, பல் செட். டாக்டர் ஐந்து கிலோ குறைக்கச் சொல்லியிருக்கிறார். ‘கொழகொழவென்றே தின்று அலுத்துவிட்டது, ஒரு நாளாவது கறுக்கென்று கடிக்க வேண்டும்’ என்கிறார். என்ன தரலாம்?

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கடிக்கிற சுகம் போய்விட்டால் சாப்பாட்டில் பாதி போய்விடுகிறது.

பாப்கார்ன் வேண்டாம், அதன் தோல் பல் செட்டுக்கு அடியில் புகுந்து ஈறைக் குத்தும். பாதாமும் வேண்டாம். முழுத்தானிய ரொட்டியை முடிந்தவரை மெல்லியதாக, மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனில் வெட்டி, 150 டிகிரியில் இருபது நிமிடம் காயவையுங்கள். ஓரம் மடங்கி, தட்டினால் ‘டொக்’ என்று கேட்கும். நொறுங்குவதற்கு அழுத்தமே வேண்டாம், ஆனால் சத்தம் வரும். மேலே கொஞ்சம் கெட்டித் தயிர் தடவி, மிளகு தூவி உடனே கொடுங்கள். ஐந்து நிமிடம் விட்டால் ஊறிவிடும். ஆப்பிளைக் காகிதம்போலச் சீவி, 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்தாலும் நன்றாக இருக்கும். முன் பல்லால் கடிக்காமல் இரண்டு பக்கமும் சமமாக வைத்து மெல்லச் சொல்லுங்கள், செட் ஆடாது.

கேள்வி: மூன்று வயதுக் குழந்தைக்கும் என் பாப்கார்னில் பங்கு தரலாமா?

பதில்: கூடாது. நான்கு வயது முடியும்வரை பாப்கார்னும் முழுப் பருப்புகளும் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. பச்சைக் கேரட் துண்டும் அப்படித்தான், வேகவைத்துக் கொடுங்கள்.

கேள்வி: ராத்திரி டி.வி. பார்க்கும்போது கை தானாகப் பாக்கெட்டுக்குள் போகிறது. பசி இல்லை என்று எனக்கே தெரியும். என்ன தின்கிறேன் என்பதுகூட முக்கியமில்லை, தின்றுகொண்டே இருக்க வேண்டும். இதற்கு என்ன மாற்று?

பதில்: உங்களுக்குத் தீனியை மாற்றிப் பிரயோஜனம் இல்லை, பாத்திரத்தை மாற்ற வேண்டும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 28 கிராமிலிருந்து 170 கிராம் வரை ஐந்து அளவுப் பைகளில் சிப்ஸ் கொடுத்துப் பார்த்தார்கள். 2004இல் வெளியான ஆய்வு. பை பெரிதாகப் பெரிதாகத் தின்றதும் கூடியது. சரி, அதற்கேற்ப ராத்திரிச் சாப்பாட்டையாவது குறைத்தார்களா என்றால், அதுவும் இல்லை. அடி தெரியாத பைக்குள் போகும் கைக்கு எப்போது நிறுத்துவது என்று எப்படித் தெரியும்?

அதனால் கிண்ணம், அதுவும் சின்னது. எதைத் தின்றாலும் அதில் போட்டு, மீதியைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். இன்னொரு கிண்ணம் வேண்டுமென்றால் எழுந்து போக வேண்டும், பாதி நாள் சோம்பல் ஜெயித்துவிடும். கைக்கு வேலை கொடுக்க ஓட்டோடு இருக்கும் பிஸ்தா நல்லது. ஒன்றை உடைத்து, உரித்து, ஓட்டைப் போட்டு, அப்புறம்தான் அடுத்தது. 49 பிஸ்தா 160 கலோரி. அதைத் தின்று முடிக்க எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது, கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஓடுகளை உடனே அள்ளிப் போடாதீர்கள், கண்ணெதிரே குவியட்டும். உப்பிடாததாக வாங்குங்கள்.

உங்கள் கேஸில்தான் கேரட்டுக்கும் இடம் இருக்கிறது. என்ன தின்றாலும் சரி என்கிறீர்களே! கேரட், முள்ளங்கி, முட்டைக்கோஸின் கெட்டித் தண்டு இவற்றை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஐஸ் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள். செல்கள் தண்ணீரைக் குடித்து விறைத்துக்கொள்ளும். வாடிய கேரட்கூடக் கடித்தால் பக்கத்து அறைக்குக் கேட்கும். உப்பை மட்டும் முன்கூட்டியே போடாதீர்கள். உப்பு அந்தத் தண்ணீரை வெளியே இழுத்துத் துவளச் செய்துவிடும். உப்பும் மிளகாய்த் தூளும் தனியே ஒரு மூடியில் வைத்து, நுனியை மட்டும் தொட்டுத் தின்னுங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டைப் பெயருக்குச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருகிறீர்களா என்பதையும் ஒரு வாரம் கவனியுங்கள். எட்டு மணிக்கு மிச்சம் பிடித்த இருநூறு கலோரியை, பத்து மணிக்கு ஐந்நூறாகத் திருப்பிக் கொடுப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

கேள்வி: ஊருக்கு உபதேசம் சரி. நீங்கள் சிப்ஸே தின்பதில்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்: தின்கிறேன். சனிக்கிழமை மட்டும், 28 கிராம் பாக்கெட் ஒன்று, சாதா உப்பு போட்டது, 150 கலோரி. பெரிய பாக்கெட் வாங்கிப் பங்கு பிரித்து வைப்பேன் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அந்தத் தெம்பு கிடையாது. 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரி உணவு என்று கொடுத்தார்கள். வேண்டிய அளவு தின்னலாம் என்று விட்டார்கள். தொழிற்சாலை உணவு தின்ற நாட்களில் ஆளுக்குத் தினம் சராசரி 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள், வேகமாகவும் தின்றார்கள். அந்த இருபது பேரைவிட நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

பாக்கெட்டை வெட்டி, வெள்ளைத் தட்டில் கொட்டி, உட்கார்ந்து, வேறு எதையும் பார்க்காமல் தின்பேன். பதினாறு பதினேழு வில்லைதான் இருக்கும், பாதி உடைந்தவை. உடைந்ததை முதலில் தின்று முழுசுகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். எல்லாம் முடிந்த பிறகு தட்டில் ஒட்டியிருக்கும் உப்புத் தூளை விரலால் ஒற்றி எடுப்பதும் உண்டு. அதையும் சேர்த்துத்தான் 150 என்றேன்.